பெருக்காமல் கணக்குப் போட்ட எஸ்தர்

அன்று எனக்குத் தேர்வறைப் பணி. கைபேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். ஒரு மணிக்கு விடைத்தாள் கட்டோடு வெளியே வந்து கைபேசியை வாங்கிப் பார்த்தால் பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, எஸ்தரின் கணவர் தேவசகாயம் அண்ணன் அனுப்பிய செய்தி: "எஸ்தர் பத்தரைக்குப் போயிட்டா. கஷ்டப்படல. மெதுவா வாங்க." விடைத்தாள்களை எண்ணிக் கொடுக்காமல் கிளம்ப முடியாது. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது. எதிரே இருந்த அலுவலர் ஒன்றும் கேட்காமல் கட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே எண்ணிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து வத்திராயிருப்பு. பதினெட்டு வருடம் எஸ்தர் தினமும் இரண்டு பேருந்து மாறி வந்துபோன வழி அது. அந்த வழியில் நான் போனது மிகச் சில தடவைதான். அவள் வீட்டு விசேஷங்களுக்குக்கூட ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்திருக்கிறேன். இவ்வளவு தூரத்தையும் கடந்து அவள் எட்டரை மணிக்கு எங்கள் கல்லூரி லேப் கதவைத் திறந்துவிடுவாள், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் நான் எட்டு ஐம்பதுக்கு வருவேன் என்பது அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அவளை "எஸ்தர் மேடம்" என்று அறிவீர்கள். "அவர்" என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருந்தது. ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பதினெட்டு வருடம் அடுத்தடுத்த மேசை. அதனால் "அவள்" என்றே எழுதுகிறேன். கல்லூரியில் மற்றவர்கள் முன்னால் நாங்கள் ஒருவரையொருவர் "மேடம்" என்றும் "நீங்க" என்றும் சொல்லிக்கொள்வோம். லேப் கதவை மூடினால் நான் அவளுக்கு ஈஸ்வரி. கோபம் வந்தால் "ஏட்டி".

நாங்கள் சேர்ந்த முதல் வருடம், எங்கள் மின்னணுவியல் துறையில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் அவளை முதலில் கவனித்தேன். ஒலியைக் கூறுபோடும் உருமாற்றம் பற்றி ஒரு மூத்த பேராசிரியர் பேசினார். அதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலி கருவிக்குள் நுழையும்போது எண்களாகத்தான் நுழைகிறது. அந்த எண்களிலிருந்து தாழ்ந்த சுருதி எவ்வளவு, உயர்ந்த சுருதி எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் கணக்குக்குத்தான் உருமாற்றம் என்று பெயர். அந்தக் கணக்கு முழுக்கப் பெருக்கல். சில்லுக்குள் பெருக்கல் செய்யும் சுற்று பெரிதாக இருக்கும், பேட்டரியையும் குடிக்கும். அதே இடத்தில் கூட்டல் சுற்றுகள் பத்துக்கு மேல் உட்காரும். பேராசிரியர் பேசி முடித்ததும் எஸ்தர் எழுந்தாள். இத்தனை பெருக்கல் எதற்கு என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, பெருக்காமல் எப்படியம்மா என்றார்.

அவள் தயங்காமல் பலகைக்குப் போனாள். "எங்க ஊர்ல எங்கப்பாவுக்குக் கிணத்துல அரைக்கால் பங்கு சார். சித்தப்பாவுக்கு வீசம். யாரும் பெருக்கிப் பாத்துத் தண்ணி பாய்ச்சல. பாதியாக்கி, பாதியாக்கித்தான் பிரிச்சிருக்காக" என்றாள். உருமாற்றக் கணக்கில் அடிக்கடி வரும் எண் ஒன்று உண்டு, ஏறத்தாழ புள்ளி ஏழு பூஜ்யம் ஏழு. அதை அவள் பலகையில் இப்படி எழுதினாள்: அரை, அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று), கால் வீசம் (அறுபத்து நான்கில் ஒன்று). நான்கையும் கூட்டினால் புள்ளி ஏழு பூஜ்யம் மூன்று. கணினியின் இரும எண்களில் பாதியாக்குவதற்குச் சுற்றே வேண்டாம், கம்பியை ஓரிடம் தள்ளி இணைத்தால் போதும். ஆக, ஒரு பெருக்கலுக்குப் பதிலாக மூன்று கூட்டல். மிச்சமுள்ள சின்ன வித்தியாசத்துக்கு என்ன செய்வாய் என்று பேராசிரியர் கேட்டார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஒரே சொல்லை அவள் சொன்னாள்: "சாலு சார்." போதும் என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. கருத்தரங்கில் அந்தச் சொல்லைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவள் நான் ஒருத்திதான். அன்று மத்தியானம் அவள் என் மேசைக்கு வந்து, "நீங்கதான சிரிச்சீக, அர்த்தம் சரிதானே?" என்று கேட்டாள்.

இது புத்தகத்தில் இல்லாத கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. உலகத்தில் பலர் இப்படி யோசித்திருக்கிறார்கள். எஸ்தரும் அதை ஒருநாளும் தனதென்று சொன்னதில்லை. ஆனால் எந்தக் கணக்கைக் கண்டாலும், "பெருக்காம முடியுமான்னு மொதல்ல பாரு" என்று தொடங்குவாள். சில மாதங்களில் எங்கள் லேப் பலகையின் மேல் மூலையில் பெரிய எழுத்தில் எழுதியும் போட்டாள்: "இனி இங்கே பெருக்கக் கூடாது." இரண்டு நாள் கழித்துத் தரையெல்லாம் தூசியும் ஈயப்பொடியும் காகிதத் துண்டுமாகக் கிடந்தது. துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, துப்புரவு செய்யும் முத்துமாரி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா பலகையைக் காட்டினார். "டீச்சரம்மா எழுதிப் போட்டுருக்காக சார். பொறவு நான் எப்படிப் பெருக்க?" எஸ்தர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த வரிக்குக் கீழே "முத்துமாரி அக்கா தவிர" என்று சேர்த்தாள். பலகையை மாற்றும் வரை அந்த இரண்டு வரியும் அழியாமல் இருந்தன.

இதெல்லாம் வெறும் கட்டுரைகளாகவே போயிருக்கும். அப்படிப் போகாததற்குக் காரணம் சண்முகத்தாய் அக்கா. வத்திராயிருப்பிலிருந்து எஸ்தர் வரும் பேருந்தில் அவர் வருவார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர் வேலை, இருபது வருடத்துக்கு மேல். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. ஆனால் முழுக்கப் போகவில்லை. பேருந்தில் யாராவது ஏதாவது கேட்டால் அவர் வேறு எதையோ பதிலாகச் சொல்வார், இல்லையென்றால் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தலைக்கனம் பிடித்தவள் என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். எஸ்தர் பல நாள் பின் இருக்கையில் உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். எல்லாச் சொல்லையும் அவர் தவறவிடவில்லை. 'ஸ்', 'ச', 'ஷ்' போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள்தான் அவர் காதில் விழவில்லை. மீதியை அவர் ஊகித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள். அவர் காதில் அந்தப் பெயர் "எத்தர்" என்று விழுந்தது. அன்றிலிருந்து "எத்தரம்மா" என்றே கூப்பிட்டார். எத்தர் என்றால் ஏமாற்றுக்காரர் என்று சொல்லி நான் சிரித்தேன். எஸ்தர் திருத்தப் போகவில்லை.

அவர் ஏற்கெனவே காது மிஷின் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். அது எல்லா ஒலியையும் சேர்த்துப் பெரிதாக்கியது. "அதை மாட்டுனா மில்லு மறுபடியும் காதுக்குள்ள வந்துருது எத்தரம்மா. எட்டு மணி நேரம் கேட்டது பத்தாதா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியை எஸ்தர் வேலைத்திட்டமாக்கினாள். ஒலியைக் கூறுபோட்டு, அவருக்குக் கேட்காத கூறுகளை மட்டும் உயர்த்த வேண்டும். ஷிப்டு முழுக்கப் பேட்டரி நிற்க வேண்டும். விலை, சாதாரணப் பெண் ஒருத்தி வாங்கிப் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். பெருக்கல் இல்லாத உருமாற்றம் அதற்குத்தான் பொருத்தம். இரண்டு வருடம் உழைத்தோம். ராஜபாளையத்தில் ஒரு காது மருத்துவர், அக்காவின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பரிசோதனைகளைத் தன் மேற்பார்வையில் நடத்த ஒத்துக்கொண்டார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர், காதில் ஒரு சின்னக் குமிழ். மருத்துவர் அறையில் சில சொற்களில் தடுமாறினாலும் மற்றதெல்லாம் நன்றாக நடந்தது. ஒருநாள் வீட்டில் போட்டுப் பார்க்கட்டும் என்று கொடுத்தனுப்பினோம்.

மறுநாள் காலை அவர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார். அடுப்பில் குக்கர் விசில் அடித்திருக்கிறது. காதுக்குள் வெடி வெடித்ததுபோல இருந்தது, பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன், ராத்திரி முழுக்கக் காதில் ஒரே ரீங்காரம் என்றார். எஸ்தர் அப்படியே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நிரந்தரமான கெடுதல் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை அவள் உட்காரவே இல்லை.

காரணம் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக ஓரிடத்தில் எண்ணின் அகலத்தில் ஒரு பிட்டை, அதாவது ஓர் இரும இலக்கத்தை, குறைத்திருந்தோம். சாதாரணப் பேச்சுக்கு அது போதும். திடீரென்று பெரிய சத்தம் வந்தால் எண் தன் எல்லையைத் தாண்டி, மறுபக்கத்துக்குப் புரண்டு, மிகப் பெரிய கழித்தல் எண்ணாகிவிடும். காதுக்கு அது இடி. அந்த அகலம் போதும் என்று நாங்கள் கட்டுரையில் எழுதியிருந்தோம். அந்தக் கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டு, அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அது வெளிவந்தால்தான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நான் சமர்ப்பிக்க முடியும்.

மறுநாள் எஸ்தர் லேப் கதவை மூடிவிட்டு, "ஈஸ்வரி, அந்தக் கட்டுரையத் திருப்பி வாங்கிருவோம்" என்றாள்.

நான் மறுத்தேன். கட்டுரையில் நாம் காட்டிய சோதனைகள் எல்லாம் உண்மைதானே, குக்கர் விசிலைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்லவில்லையே, அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்ளலாமே என்றேன்.

"இதைப் படிக்கிற ஒருத்தர் அப்படியே செஞ்சு இன்னொருத்தர் காதுல வைப்பாகள்ல. அவுக வீட்ல குக்கர் இருக்காதா?"

பதில் இல்லாதவர்கள் சொல்லும் சொல்லைத்தான் சொன்னேன். "உனக்குப் பட்டம் வந்தாச்சு. நீ சொல்லுவ."

அவள் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "ஆமா, எனக்குச் சுலபந்தான். உனக்குச் சுலபமில்லன்னு தெரியும். இருந்தாலும் வாங்கத்தான் செய்யணும்" என்றாள்.

ஆய்விதழுக்கு அவளே கடிதம் எழுதினாள். ஒரு பிட்டைக் குறைத்தது தான் மட்டுமே, தன் சக ஆசிரியருக்கு இதில் பங்கில்லை என்று அதில் இருந்தது. துறைக் கூட்டத்திலும் எழுந்து நின்று அதையே சொன்னாள். அது முழு உண்மை அல்ல. எந்த இடத்தில் எத்தனை பிட் என்ற அட்டவணையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். போடும்போதே அந்த இடம் எனக்கு உறுத்தியது. கேட்டால் இன்னொரு வாரம் வேலை இழுக்கும் என்று கேட்காமல் விட்டேன். கூட்டத்தில் அவள் பேசியபோது நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு நான்கு மாதம் நாங்கள் பேசவில்லை. ஒரே மேசை வரிசை, ஒரே லேப். வேலைக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி மற்றவர் திரையில் ஒட்டுவோம். என் கையெழுத்து கோபத்தில் கிறுக்கலாகிக்கொண்டே போனது, அவள் கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை என் திரையில் ஒரு சீட்டு இருந்தது: "நாளைக்குச் சத்தம் பிடிக்கப் போறேன். வந்தா நல்லது."

போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் காதுக்கு ஆகாத சத்தங்களையெல்லாம் தேடிப் போவது அவள் திட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் காற்று ஹாரனை அடித்துக் காட்டச் சொன்னாள். வேலைக்கா, விளையாட்டுக்கா என்று அவர் கேட்டார். அரைக் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்ததும் ஐந்து விதமாக அடித்துக் காட்டினார். எவர்சில்வர் கடையில் தட்டுகளைக் கீழே போட்டுப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டோம். நசுங்காத தட்டாகப் போடுங்கள் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பூட்டிய கேட்டுக்குப் பின்னால் குரைத்த நாய், கல்யாண மண்டப வாசலில் டிரம்ஸ், வாகனப் பட்டறையில் தகரம் தட்டும் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தட்டு விழுந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டோம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

திரும்பி வரும் பேருந்தில் நான் சொன்னேன். அந்த அட்டவணையில் எனக்குச் சந்தேகம் வந்தது, வந்தும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று.

"தெரியும்" என்றாள்.

தெரிந்தும் ஏன் எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் அது கணக்கு. நீயா சொல்லுவன்னு இருந்தேன். நாலு மாசம் ஆகும்னு நெனைக்கல, ஏட்டி" என்றாள்.

அந்தச் சத்தங்களை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது வடிவத்தைச் செய்தோம். எண் எல்லையைத் தொட்டால் மறுபக்கம் புரளாமல், எல்லையிலேயே நின்றுகொள்ள ஒரு சின்னச் சுற்றைச் சேர்த்தோம். "நெறஞ்சா நிக்கணும், கவுந்துறக் கூடாது" என்று எஸ்தர் அதற்கு இலக்கணம் சொன்னாள். பேட்டரிச் செலவு கொஞ்சம் கூடியது. அதை வேறு இரண்டு இடங்களில் கூட்டல்களைப் பகிர்ந்துகொள்ளச் செய்து ஈடுகட்டினாள். என் ஆய்வேடு இரண்டு வருடம் தாமதமானது. அதில் மிக நீளமான அத்தியாயம் அந்த ஒரு பிட் எப்படித் தவறியது என்பதைப் பற்றியதுதான். யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையும் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் பாதி நேரம் அந்த அத்தியாயத்தைப் பற்றியே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

புதிய கருவியைப் போட்டுக்கொள்ளும்படி சண்முகத்தாய் அக்காவிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எஸ்தர் நேரே அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே முதலில் தன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் குக்கரை வைத்து மூன்று விசில் கேட்டாள். அதன் பிறகுதான் அக்காவிடம் பேசினாள். அக்கா யோசித்துவிட்டு, "ஒங்க காதுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? அப்பச் சரி" என்றிருக்கிறார்.

மருத்துவர் அறையில் சோதனை நடந்தது. எஸ்தர் அவருக்குப் பின்னால் நின்று, உதடு தெரியாதபடி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தட்டு, பட்டு, கட்டு, சட்டி. அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வடிவத்தில் தடுமாறிய இடங்களில் இம்முறை அவர் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். பட்டியல் முடிந்ததும் மருத்துவர், "எஸ்தர் மேடம், இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார். அக்கா சட்டென்று திரும்பி மருத்துவரைப் பார்த்தார், பிறகு எஸ்தரைப் பார்த்தார்.

"ஒங்க பேருக்கு நடுவுல ஒரு 'ஸ்' இருக்கா?"

"இருக்குக்கா."

"எஸ்... தர்." அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இம்புட்டு வருசமா நான் தப்பாவுல்ல கூப்பிட்டுருக்கேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நான் அவளைப் பதினெட்டு வருடம் அறிவேன். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தவறை ஒப்புக்கொண்டபோது அழாதவள், அன்று மருத்துவரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். அக்கா எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வடிவத்தை நாங்கள் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி வெளியிட்டோம். தவறிய முதல் வடிவத்தையும், அது ஏன் தவறியது என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்றாள் எஸ்தர். இம்முறை நான் மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது ராஜபாளையத்தில் ஒரு சிறு பட்டறையில் அந்தக் கருவியைச் செய்கிறார்கள். மில்லில் வேலை பார்த்த பெண்கள் பலர் அதைப் போட்டிருக்கிறார்கள். எஸ்தரை அடக்கம் செய்த அன்று வத்திராயிருப்பு தேவாலயத்தில் பின் வரிசைகளில் அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். போதகர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். யாரும் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

போன வருடம் அவளுக்கு நோய் இருப்பது தெரிந்தது. மதுரையில் சிகிச்சை. நான் மாதத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். போனால் உடம்பைப் பற்றி ஐந்து நிமிடம், மீதி நேரமெல்லாம் வேலையைப் பற்றி. கடைசியாக நான் போனபோது அவள் மிகவும் மெலிந்திருந்தாள். தலையணைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். உருமாற்றத்தின் மூன்றாவது அடுக்கில் ஒரு கூட்டலை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. பென்சிலில் வரைந்திருந்தாள். கோடுகள் நேராக இல்லை. அந்த ஒரு கூட்டல் குறைந்தால் பேட்டரி இன்னும் ஒரு ஷிப்டு தாங்கும் என்றாள்.

"சரிபாக்க எனக்குத் தெம்பில்ல. நீ பாரு. நான் படுத்துருக்கேன்னு பாவம் பாக்காத."

வீட்டுக்குப் போனதும் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. பயமாக இருந்தது. அடுத்த முறை போகும்போது பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை வரவில்லை.

அவள் போன பத்தாவது நாள் லேபில் உட்கார்ந்து அந்த நோட்டைத் திறந்தேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை வரை அதே வேலை. முதலில் எல்லாம் பொருந்தி வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுடைய கடைசி யோசனை சரி என்று ஊரெல்லாம் சொல்லலாம், அஞ்சலிக் கட்டுரையில் எழுதலாம் என்று மனம் ஓடியது. அந்த ஆசையே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வரக்கூடிய எண் வரிசைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொடுத்துப் பார்க்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டேன். நான்கரை மணிக்கு ஒரு வரிசை தவறியது. அந்தக் கூட்டலை எடுக்க முடியாது.

அவள் பென்சிலில் வரைந்த படத்துக்குக் கீழே, பேனாவில், "தவறு" என்று எழுதினேன். எந்த வரிசைக்குத் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று நான்கு வரி எழுதினேன். அதை எழுதும்போதுதான், எடுக்க முடியாத அந்தக் கூட்டலின் விடையை ஐந்தாவது அடுக்கு இரண்டாவது முறையாகக் கணக்கிடுகிறது என்பது கண்ணில் பட்டது. இங்கே இல்லாவிட்டாலும் அங்கே ஒன்றை மிச்சம் பிடிக்கலாமோ என்று தோன்றுகிறது. நிச்சயமில்லை. துறையில் புதிதாகச் சேர்ந்த இருவர் இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் விடையை நம்பாமல் முதலிலிருந்து சரிபாருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் வ. புதுப்பட்டியில் ஒரு காது பரிசோதனை முகாம் வைக்கிறோம். சண்முகத்தாய் அக்கா அதற்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

எஸ்தரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இந்த நாட்களில் பலரும் கேட்கிறீர்கள். ஒரு காலத்தில் தெரிந்தே கேட்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். இறந்துபோன தோழியின் கடைசிப் படத்துக்குக் கீழே தவறு என்று எழுதி, தேதியிட்டு, என் முழுப் பெயரையும் போட்டேன். அப்படிக் கையெழுத்துப் போடும் கையைத்தான் அவள் எனக்கு விட்டுப் போயிருக்கிறாள்.